உறுதியை வாசித்துக் காட்டச் சொல்வது நம் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் நகரை அண்டிக் காணி வாங்குவோரும், பிள்ளைகளுக்கு வீடு எழுதிக் கொடுப்போரும், அவசரத் தேவைக்கு வளவை ஈடு வைப்போரும் இப்போது பெருகி வருகின்றனர். ஆயினும் இவற்றுக்கான உறுதிகளை (சட்டப் பத்திரங்களை) எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு என்பவர் கையொப்பத்தின் மேல் முத்திரை குத்திக் கொடுப்பவர் என்றே நம்மவர் பலர் இன்னும் எண்ணுகின்றனர்.

அண்மையில் உறவுக்காரரான முதிய அம்மா ஒருவர், மகனுக்கு நன்கொடை உறுதி முடிப்பதற்காகச் சென்றபோது நானும் உடன் சென்றேன். முன்னறையில் இருந்த எழுதுவினைஞர், சிங்களத்தில் தட்டச்சிட்ட பக்கங்களைப் புரட்டி, பென்சிலால் புள்ளடி இட்ட இடங்களைக் காட்டி, "இங்க கையெழுத்து வைங்கம்மா" என்றார். நொத்தாரிசு உள்ளறையில் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார்; சாட்சிகளுள் ஒருவர் வந்திருக்கவே இல்லை. வாசித்துக் காட்டுமாறு நாங்கள் விடாது கேட்ட பின்னரே அது தமிழில் விளக்கப்பட்டது. அந்த அம்மா தம் ஆயுள்வரை அந்த வீட்டில் வாழ்வதற்கான சீவிய உரித்து அதில் எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. எழுத்தறிவு குறைந்த எத்தனையோ பேர் கேட்கத் தயங்கி, ஈடு வைக்கும் உறுதி என்று நம்பி, முழுதாக விற்றுவிடும் அறுதி உறுதியில் ஒப்பமிட்டுவிடக் கூடும் என்று நினைக்கையில் மனம் பதறுகிறது.

சட்டம் இதனை அனுமதிக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை, ஈடு போன்றவை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிலையில் இருக்க ஒப்பமிடப்பட வேண்டும். இல்லையெனில் அவை செல்லுபடியாகா. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இதற்கும் மேலே செல்கிறது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு நேரில் அறிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகளாவது அறிந்திருக்க வேண்டும். ஒப்பமிடுபவருக்கு உறுதியை வாசிக்க இயலாதென்றாலோ, அவர் கேட்டுக்கொண்டாலோ, சாட்சிகளின் முன்னிலையில் அதை வாசித்து விளக்கிய பின்னரே அத்தாட்சிப்படுத்தலாம். உறுதியின் இறுதியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியைப் பாருங்கள்: யார் யார் முன்னிலையில், எந்த நாளில், எந்த இடத்தில் ஒப்பமிடப்பட்டது, பணம் தம் கண்முன் கைமாறியதா, எந்த வரியில் எந்தச் சொல் திருத்தப்பட்டது என்பனவெல்லாம் அங்கே பதியப்பட வேண்டும். ஒருவர் பார்த்திராத ஒன்றைப் பார்த்ததாக அங்கே எழுதுவது சிறு கவனக்குறைவு அன்று.

தோட்டங்களில் நிலவும் இன்னொரு தவறான நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். சமாதான நீதவான் முன் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் சத்தியக்கடதாசி பிறப்புப் பதிவு, பெயர் வேறுபாடு போன்ற தேவைகளுக்கு உதவும். அவர் ஒப்பமிட்ட ஒரு தாளைக் கொண்டு காணியை விற்கவோ வாங்கவோ முடியாது. அந்தத் தாளை நம்பிப் பணம் கொடுத்தவருக்குக் காணியில் உரித்து வராது.

ஆகவே, காணிப் பதிவகங்களிலும் பிரதேச செயலகங்களிலும், உறுதியை வாசித்து விளக்குமாறு கேட்கும் உரிமை பற்றி எளிய தமிழில் அறிவித்தல் பலகைகள் வைக்கப்பட வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசுகளின் பெயர்ப் பட்டியலும் அதனருகே இடம்பெறுதல் வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழு தோட்டப் பிரிவுகளுக்கே வந்து இதை விளக்குமாயின் பெரும் பயன் விளையும். இக்கோரிக்கையை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.