காருண்யா ஆண்டும் காணிக்கை ரசீதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைத் தொடங்கிய டி.ஜி.எஸ். தினகரன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் சில திருத்தங்கள். 1983-ல் எழுந்தது அந்த ஊழியத்தின் சென்னை ஜெபகோபுரம். அவர் நிறுவிய கோவை காருண்யா பொறியியல் கல்லூரி 1986-ல்தான் தொடங்கியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது 2004-ல். பெயருக்கு முன் 'ரெவரெண்ட்' போட்டிருப்பதும் பொருந்தவில்லை. 1935-ல் சுரண்டையில் பிறந்து ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்த அவரை விசுவாசிகள் கடைசிவரை 'சகோதரர்' என்றுதான் அழைத்தார்கள்.

கட்டுரையாளர் குரலையும் அற்புதங்களையும் விரிவாகச் சொல்கிறார். தபாலை விட்டுவிட்டார். ஜெபம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் போக வேண்டும், அதோடு உறவு தொடர வேண்டும். பிள்ளைகளின் பெயரில் காணிக்கை கொடுத்துச் சேரும் இளம் பங்காளர் திட்டமெல்லாம் அந்த உறவில் நிற்பவை. சேனல்களில் அரை மணி நேரம் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதுதான். பங்காளர் பணம் நின்றால் நிகழ்ச்சியும் நிற்கும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். இங்கே சபைகளில் பிரசங்கம் ஆங்கிலம். இந்தியர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிப் பாட்டிமார் தமிழ் கேட்கத்தான் டிவி முன் உட்காருகிறார்கள். நிகழ்ச்சி 28 நிமிடம் என்று வையுங்கள். பாட்டுக்கு 6, ஜெபத்துக்கு 7 போனால் மிச்சம் 15. அதில் பாதியை மேடை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொள்வார். பிரசங்கியார் நீளமாகப் பேசிவிட்டால் வாக்கியத்தின் பின்பாதி காணாமல் போகும். இருவர் மைக்கும் ஒரே அளவில் திறந்திருந்தால் இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும். பாட்டி சத்தத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் கூடும். தினகரன் ஜெபத்தில் பெயர் சொல்லி அழைப்பார் அல்லவா, அந்தப் பெயரே மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

பெரிய பிழை கடைசிப் பத்தியில். ஊழியத்துக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு இங்கே வரிச்சலுகை உண்டு என்று எழுதியிருக்கிறார். கிடையாது. பதிவு பெற்ற சபைக்குத் தன் வருமானத்தில் விலக்கு உண்டு. ஆனால் கொடுப்பவருக்குச் சலுகை தரும், இந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் பட்டியலில் மதப் பணி இல்லை. அதே அமைப்பு தனியாக நடத்தும் ஏழைகள் உதவிக்கு 18ஏ ஒப்புதல் இருந்தால், அதற்குக் கொடுத்த தொகைக்கு மட்டும் 18ஏ ரசீது செல்லும். ரசீதில் அமைப்பின் பிபிஓ (பொதுநல அமைப்பு) எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதக் காணிக்கையை டெபிட் ஆர்டரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில், போடுகிறவர்களுக்கு ஒன்று. சம்மதம் இல்லாமல் பிடித்த சாதாரண டெபிட் ஆர்டரை 40 நாளுக்குள் வங்கியில் சொன்னால் திருப்பிவிடுவார்கள். போனில் நீங்களே முன்கூட்டி ஒப்புக்கொண்ட டெபிசெக் என்ற வகை டெபிட் ஆர்டர் அப்படித் திரும்பாது. ஒப்புதல் கேட்கும் திரையில் மாதத் தொகைக்குக் கீழே அதிகபட்சத் தொகை என்று இன்னொன்று இருக்கும். பாட்டியின் போனைப் பேரப்பிள்ளைகள் வாங்கி அழுத்தும்போது பெரும்பாலும் கவனிக்காமல் போவது அந்த வரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்