பாங்காக் பௌத்தக் கோயில்கள் அரை நாள் சுற்றுலா: சேவைக் குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்
(பெயர், முகவரி முன்பதிவுப் படிவத்தில் உள்ளபடி),
கும்பகோணம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
சுற்றுலா முன்பதிவு நிறுவனம்,
சென்னை.

பொருள்: கோயில்களுக்கென்று பணம் பெற்ற அரை நாளில் 90 நிமிடத்தை ரத்தினக் கடையில் கழிக்கச் செய்தது, ஒரு கோயிலைக் காட்டாமல் விட்டது, உரிமம் பெற்ற வழிகாட்டியை அனுப்பாதது ஆகியவை குறித்துப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஜனவரி மாதம் நானும் என் மனைவியும், 71 வயதான என் அக்காவும், கல்லூரியில் படிக்கும் அக்காவின் பேரனும் தாய்லாந்து சென்றிருந்தோம். பாங்காக்கில் பௌத்தக் கோயில்களைப் பார்ப்பதற்காகத் தங்கள் இணையதளத்தில் இருந்த அரை நாள் சுற்றுலாவை ஆளுக்கு 2,950 ரூபாய் வீதம் நால்வருக்கும் 11,800 ரூபாய் செலுத்தி, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே பதிவு செய்தேன். காலை 7.30 முதல் 12.30 வரை வாட் திரைமித், வாட் போ, வாட் பெஞ்சமபோபித் என்னும் மூன்று கோயில்களையும், உரிமம் பெற்ற தமிழ் பேசும் வழிகாட்டி உடனிருந்து விளக்கிக் காட்டுவார் என்றும், நுழைவுக் கட்டணங்கள் இத்தொகையில் அடங்கும் என்றும் தங்கள் உறுதிச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கிறது.

அன்று நடந்ததை நேரக் கணக்காகவே எழுதுகிறேன். கைபேசியில் எடுத்த படங்களில் நேரம் பதிவாகியிருப்பதால் இக்கணக்கில் தங்களுக்கு ஐயம் எழ இடமில்லை. வண்டி விடுதிக்கு வந்தபோது மணி 8.05. வேறு இரண்டு விடுதிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வாட் திரைமித்தை அடைந்தபோது 8.55. அங்கு எங்களுக்குக் கிடைத்தது 20 நிமிடம். 9.30 மணிக்கு ஒரு ரத்தினக் கடையில் இறக்கிவிடப்பட்ட நாங்கள் 11 மணிக்குத்தான் அங்கிருந்து வெளியே வர முடிந்தது. வாட் போவில் 11.20 முதல் 11.50 வரை இருந்தோம். வாட் பெஞ்சமபோபித்தை ஓடும் வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். கோயில்களுக்குள் நாங்கள் இருந்த நேரம் 50 நிமிடம், கடைக்குள் இருந்த நேரம் 90 நிமிடம். இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தால்கூட நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

முதலில் வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தவர் தமிழ் இளைஞர், பணிவானவர், அக்காவை ஒவ்வொரு முறையும் கைபிடித்து இறக்கிவிட்டார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை, அவர்மீது தாங்கள் நடவடிக்கை எடுப்பதையும் நான் விரும்பவில்லை. ஆனால் வாட் திரைமித் வாசலில் அவர் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லையா என்று கேட்டதற்கு, "சார், உள்ள வந்து நான் விளக்கம் சொன்னா என்னைப் புடிச்சிடுவாங்க. நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டும் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் மற்றும் வழிகாட்டிகள் சட்டத்தின்படி அவர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பணியின்போது அடையாள அட்டையை அணிந்திருக்கவும் வேண்டும். இந்த இளைஞரின் கழுத்தில் அப்படி எதுவும் இல்லை. உரிமம் இல்லாத ஒருவரை, பிடிபட்டால் முழுப் பொறுப்பும் அவர் தலையில் விழும் என்று தெரிந்தே அனுப்பிவிட்டு, "உரிமம் பெற்ற வழிகாட்டி" என்று விளம்பரம் செய்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவதோடு நிற்கவில்லை, அந்தப் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளுகிறது.

விளக்கம் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று தங்கள் தரப்பில் யாரேனும் கருதக்கூடும். வாட் திரைமித்தின் பொற்புத்தர் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் ஐந்தரை டன் எடையும் கொண்டவர். நெடுங்காலம் சுண்ணச் சாந்துப் பூச்சுக்குள் சாதாரணச் சிலையாக இருந்தவரை 1955ஆம் ஆண்டு வேறிடத்துக்கு மாற்றியபோது சிலை கீழே விழுந்து, பூச்சு பெயர்ந்த இடத்தில் பொன் தெரிந்திருக்கிறது. படையெடுத்து வருபவர்களின் கண்ணில் படாமலிருக்கச் சாந்து பூசியிருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கதை தெரியாமல் அச்சிலையின் முன் நிற்பவருக்கு அது பளபளக்கும் ஒரு பெரிய சிலை, அவ்வளவுதான். சிலை இருப்பது மண்டபத்தின் மேல் தளத்தில். இக்கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் கீழ்த் தளங்களிலேயே இருக்கிறது. மூட்டு வலியுள்ள அக்கா படியேறி மேலே போய்ச் சேரவே எங்கள் 20 நிமிடத்தில் பாதி போய்விட்டதால் அருங்காட்சியகத்தின் வாசலைக்கூட நாங்கள் மிதிக்கவில்லை. மேலே சொன்னவற்றை நான் தெரிந்துகொண்டது அன்றிரவு விடுதி அறையில், கைபேசியில் படித்து.

இனி ரத்தினக் கடை. தங்கள் பயணத் திட்டத்தில் எந்த வரியிலும் அது இல்லை. வண்டி நின்றபோது "பத்து நிமிடம், கழிப்பறை வசதிக்காக" என்று சொல்லப்பட்டது. உள்ளே சென்றதும் ஓட்டுநர் ஒரு சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்களை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து ரத்தினம் தோண்டுவதைப் பற்றிப் படம் காட்டினார்கள். பிறகு கல் பட்டை தீட்டுபவர்கள் அமர்ந்திருந்த கூடத்தைக் கடந்ததும் குடும்பத்துக்கு ஒருவராக விற்பனையாளர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். எங்களுடன் வந்த பெண்மணிக்குத் தமிழில் "அம்மா, பாருங்க, வாங்க வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்திருந்தது. ஒரு காட்சிக் கூடம் முடிந்தால் அடுத்தது. அதைத் தாண்டினால் தோல் பைகள். அதையும் தாண்டினால் பட்டுத் துணி. வெளியே செல்லும் வழி கடைசிக் கூடத்தின் கோடியில் இருந்தது. நாங்கள் வாசலுக்கு வந்து காத்திருந்தபோதும் வண்டியைக் காணவில்லை. அழைத்துக் கேட்டதற்கு, இன்னொரு குடும்பம் உள்ளே இருக்கிறது, எல்லோரும் வந்த பிறகே புறப்பட முடியும் என்ற பதில் கிடைத்தது. என் அக்கா கூச்சத்தினால் பேத்திக்கென்று நீலக்கல் வைத்த சிறு மோதிரம் ஒன்றை வாங்கினார். அந்தப் பணத்தை நான் கேட்கப்போவதில்லை. அவர் கைப்பணம், அவர் விருப்பம். நான் கேட்பது, எங்களுக்கு விற்ற அதே காலைப்பொழுதைத் தாங்கள் அந்தக் கடைக்கும் இரண்டாம் முறை விற்றிருக்கிறீர்களா என்பதுதான். வண்டி அங்கு வருவதற்காகத் தங்களுக்கோ தங்கள் உள்ளூர்க் கூட்டாளிக்கோ தரகுத் தொகை தரப்படுகிறதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்த 90 நிமிடத்தின் விலையை வாட் போவில் கொடுத்தோம். நுழைவுக் கட்டணம் உட்பட என்று வாங்கிய பணத்துக்கு மேல், அங்கே ஆளுக்கு 300 பாட் வீதம் 1,200 பாட் எங்களிடமே வாங்கினார்கள். சீட்டுகள் என்னிடம் உள்ளன. முழங்கால் மறையும்படி உடுத்திவர வேண்டும் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், அரைக்கால் சட்டையில் வந்த பேரன் வாசலில் துணி வாங்கிச் சுற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இவை சிறிய விஷயங்கள், விட்டுவிடலாம். 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமுமாகப் பள்ளிகொண்டிருக்கும் புத்தரின் முகத்திலிருந்து பாதம் வரை கூட்டத்தோடு நடந்து, உள்ளங்கால்களில் கிளிஞ்சல் பதித்துச் செய்த 108 மங்கலச் சின்னங்களை எட்டிப் பார்த்து, சுவரோரம் வரிசையாக வைத்திருக்கும் 108 வெண்கலக் கலயங்களில் அக்கா காசு போட்டு முடித்தபோது வண்டிக்கு அழைப்பு வந்துவிட்டது.

என் மனைவி அந்தக் கோயிலுக்கு வந்ததே வேறொன்றைப் பார்ப்பதற்காக. வாட் போவின் மைய வழிபாட்டு மண்டபத்தைச் சுற்றி, தாய்லாந்து மக்கள் இராமகியன் என்று அழைக்கும் இராமகதை பளிங்குப் பலகைகளில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர் இராமசாமி கோயில் பிரகாரச் சுவரில் இராமாயண ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இக்கதையை அந்நாட்டார் எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே பல சுற்றுலாக்களுக்கிடையே தங்களுடையதைத் தேர்ந்தெடுத்தோம். தங்கள் விளம்பரத்திலும் "இராமாயணச் சிற்பங்கள்" என்ற சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த மண்டபத்தின் கூரையை மட்டுமே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

வழியில் வாட் சுதத் கோயிலுக்கு எதிரே நிற்கும் பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பங்களைக் கடந்தபோது "படம் எடுத்துக்கங்க" என்பதோடு விளக்கம் முடிந்துவிட்டது. அக்கம்பங்களில் 1935 வரை ஊஞ்சல் விழா நடந்தது என்பதையும், அவ்விழாவின் பெயரான திரியம்பாவாய் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது என்பதையும், அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் இந்துக் கோயிலின் அந்தணர்கள் இன்றும் அப்பாடலை அந்தச் சடங்கில் ஓதுகிறார்கள் என்பதையும் தமிழ்ப் பயணிகளுக்குச் சொல்லாத ஒரு "தமிழ் வழிகாட்டிச் சுற்றுலா" எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது கோயிலில் நடந்ததைக் குறைபாடு என்றுகூடச் சொல்ல முடியாது, அது பொய். வாட் பெஞ்சமபோபித் அன்று பௌத்தர்களின் புனித நாளை முன்னிட்டுப் பயணிகளுக்கு மூடப்பட்டிருப்பதாக ஓட்டுநர் சொல்ல, அதை அந்த இளைஞர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேமராவும் தொப்பியுமாக ஒரு கூட்டம் அந்த வாயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அங்கே புனித நாள் என்பது பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என மாதத்துக்கு நான்கு முறை வருவது. கோயிலுக்கு மக்கள் கூடுதலாக வரும் நாள் அது, கதவைச் சாத்தும் நாள் அல்ல. மறுநாள் காலை எங்கள் செலவில் டாக்சி பிடித்துப் போய்ச் சீட்டுக் கொடுக்குமிடத்தில் கேட்டேன்; முதல் நாளும் வழக்கம்போல் திறந்திருந்ததாகவே சொன்னார்கள்.

அந்த மறுநாள் காலைதான், உண்மையில், நாங்கள் தங்களிடம் வாங்க நினைத்த அரை நாள். ஐந்தாம் இராமர் என்னும் பட்டப்பெயர் கொண்ட தாய்லாந்து மன்னர் சூலலங்கோர்ன் இத்தாலியின் கராராவிலிருந்து பளிங்கை வரவழைத்துக் கட்டுவித்த அந்தக் கோயிலின் பின்புறச் சுற்று மண்டபத்தில், பல நாடுகளையும் பல காலங்களையும் சேர்ந்த பாணிகளில் 52 புத்தர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அக்கா ஒவ்வொன்றின் முன்னும் நின்று நின்று பார்த்தார்; மூட்டு வலியைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பேரன் பழைய ஐந்து பாட் நாணயம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அதன் பின்புறத்தில் இருப்பது இதே கோயில்தான் என்று காட்டினான். அவசரப்படுத்த யாரும் இல்லாததால் ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம். போக்குவரத்துக்கும் நுழைவுக்கும் ஆன செலவு 860 பாட்.

ஊர் திரும்பியதும் தங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். கடைக்கு அழைத்துச் செல்வது "எல்லா நிறுவனங்களும் செய்வதுதான்" என்றும், விதிமுறைகளின்படி தவிர்க்க முடியாத காரணங்களால் பயணத் திட்டம் மாறக்கூடும் என்றும் பதில் வந்தது. அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியும் தருவதாகச் சொன்னார்கள். மழை, ஊர்வலம், சாலை மறியல் ஆகியவை தவிர்க்க முடியாத காரணங்கள்தாம். ரத்தினக் கடையைத் தவிர்க்க ஓட்டுநர் வண்டியைத் திருப்பாமல் இருந்திருந்தாலே போதும். தள்ளுபடிச் சீட்டு எனக்கு வேண்டாம்.

ஆகவே, முன்பதிவுத் தொகையில் பாதியான 5,900 ரூபாயையும், வாட் போவில் எங்களிடம் வாங்கப்பட்ட 1,200 பாட்டையும், மறுநாள் செலவான 860 பாட்டையும், பயண நாளின் மாற்று மதிப்பில் ரூபாயாகக் கணக்கிட்டு, நான் பணம் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுத் தொகையைக் கேட்காததற்குக் காரணம், வண்டி நன்றாக இருந்தது, இரண்டு கோயில்களின் வாசல் வரையிலாவது கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்பதே. இச்சுற்றுலாவைத் தொடர்ந்து விற்பதானால், கடைக்கு அழைத்துச் செல்வதை அதற்கான நேரத்தோடு பயணத் திட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். "உரிமம் பெற்ற தமிழ் வழிகாட்டி" என்ற சொற்களை, அப்படி ஒருவரை உண்மையிலேயே அனுப்ப முடிகிற வரை நீக்க வேண்டும்.

இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததைத் தாங்கள் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு அளிக்க வேண்டும். அதற்குள் தக்க பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களைக் காட்டி முறையிடுவேன். இத்தொகைக்கான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு நேரமும் இருக்கிறது.

உறுதிச்சீட்டின் நகல், நேரம் பதிவான பதினான்கு படங்கள், நுழைவுச்சீட்டுகள், டாக்சிச் செலவு விவரம், தங்கள் பிரிவுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். வழிகாட்டியாக வந்த இளைஞரின் முகம் தெரியும் படங்களை மட்டும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்