கொசுவின் முதுகைப் பாருங்கள், பிறகு புகை அடியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்ட முதலாளிமாருக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள் நான். சிக்குன்குனியா வந்த வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் நாலே நாளில் விட்டது. விரல் மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ரோட்டில் புகை அடித்தார்கள். வீட்டுத் தொட்டியில் மருந்து ஊற்றினார்கள். தோட்டத்துக்குள் ஒருவரும் வரவில்லை.

1964இல் சென்னையில் இந்த நோயைப் பரப்பியது வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு. ஆனால் 2005-06இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பரவிய வைரஸில், அதன் மேலுறைப் புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம், அதாவது அந்தப் புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று, மாறியிருந்தது. அந்தச் சின்ன மாற்றம் போதும், ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற தோட்டத்துக் கொசுவின் உடலில் வைரஸ் எளிதாகப் பெருக. 2007இல் கேரளத்தில் நோய் பரவியபோதும் இதே மாற்றம் தெரிந்தது. நம் மலையடிவாரத்திலும் அதே மழை, அதே மரம்.

இந்த இரண்டு கொசுவையும் ஒரு லென்ஸ் வைத்தே பிரித்துவிடலாம். முதுகின் நடுவில் நேராக ஒற்றை வெள்ளிக்கோடு இருந்தால் அல்போபிக்டஸ். இரு பக்கமும் அரிவாள்போல் வளைந்த கோடுகள் இருந்தால் எஜிப்டி.

பால்வெட்டு நின்ற மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் வந்து பாருங்கள். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) இரண்டு விரல் தண்ணீர் நிற்கும். விரலால் தட்டினால் கொசுப்புழுக்கள் நெளிந்து அடிக்கு இறங்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். சிரட்டையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களே, காய்ச்சல் வந்த இடத்தில் வீட்டுத் தொட்டியிலும் தோட்டத்துச் சிரட்டையிலும் புழுவை எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கொசுவாக வளர்த்து, எந்த இனம் என்று பார்த்த பிறகு மருந்தை எங்கே அடிப்பது என்று முடிவெடுங்கள். இவை பகலில் கடிப்பவை. இருட்டிய பிறகு அடிக்கும் புகையால் பெரிய பலனில்லை.

முதலாளிமாரே, ஏக்கருக்கு நூற்றைம்பது மரத்துக்கு மேல் நிற்கிறது. அத்தனை சிரட்டையையும் வெட்டுகாரர்கள் சும்மா கவிழ்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டை நிறுத்தும் அன்றைக்கே அந்த வேலைக்குத் தனிக் கூலி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள்