'பிக் புல்' காட்டாத ரசீது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிதி மோசடிப் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடியை வைத்து எடுத்த 'தி பிக் புல்' இந்திப் படத்தையும் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 1992-ல் அந்த மேத்தா விவகாரம் வெடித்தபோது, "எங்க டெபாசிட்டுக்கு ஒண்ணும் ஆகாதே சார்?" என்று கவுன்டரில் வந்து கேட்டவர்கள் உண்டு. ஷேர் மார்க்கெட் பக்கமே போகாதவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. மேத்தா சுருட்டியது வங்கிப் பணம்.

ஒரு வங்கி அரசுக் கடன் பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்று, சில நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். ரெடி ஃபார்வர்டு என்பார்கள். பெரும்பாலும் பத்திரம் கைமாறாது. 'பத்திரம் எங்களிடம் இருக்கிறது' என்று விற்ற வங்கி ஒரு பி.ஆர்., அதாவது வங்கி ரசீது, எழுதிக் கொடுக்கும். இடையில் நின்ற தரகர் மேத்தா. வங்கியின் பெயருக்கு எழுதிய காசோலை அவர் கணக்கில் வரவானது. பேங்க் ஆஃப் கராட் போன்ற சின்ன வங்கிகள் கையில் பத்திரமே இல்லாமல் பி.ஆர். எழுதித் தந்தன. 200 ரூபாய் அளவில் இருந்த ஏசிசி சிமென்ட் நிறுவனப் பங்கு 9,000 வரை ஏறியது, மேத்தா இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் கொட்டியதால்தான். ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் விசாரணைக் குழு கணக்குப் பார்த்தபோது சுமார் 4,000 கோடி இடித்தது.

படம் இதை அவசரமாகத் தாண்டிவிட்டுக் காதலுக்கும் பாட்டுக்கும் போய்விடுகிறது. மேத்தாவை ஹேமந்த் ஷா என்று பெயர் மாற்றியது சரி, குற்றத்தையும் ஏன் மங்கலாக்க வேண்டும்? அபிஷேக் பச்சன் நல்ல நடிகர். அவருக்கு எழுதித் தந்திருப்பது ஹீரோ வசனம். 1992 ஏப்ரல் 23 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் இதை வெளிக்கொண்டுவந்தவர் சுசேதா தலால். அவர் சாயலில் வரும் நிருபர் பாத்திரத்தை இன்னும் எவ்வளவோ ஆழமாக எழுதியிருக்கலாம்.

இதே மோசடியைச் சொன்ன 'ஸ்காம் 1992' பத்து எபிசோடு ஓடிய தொடர், அதோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். இது இரண்டரை மணி நேரப் படம். பி.ஆரை விளக்கப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும்.

இப்படம் பார்த்த என் அண்ணன் மகன், மேத்தா ஏதோ சாமர்த்தியமாக ஷேர் வாங்கி விற்றவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். இயன்றால் பி.ஆர். மோசடி நடந்த விதத்தை விளக்கி ஒரு கட்டுரை போடுங்கள்.

– ஒரு வாசகர், கும்பகோணம்