"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது டாக்டர்

சின்ன ஆபரேஷனுக்கு தேதி குறிச்சு அனுப்புற டாக்டருங்களுக்கும் நர்ஸுங்களுக்கும் வணக்கம்.

மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு நீங்க கேப்பீங்க, நாங்களும் இல்லைங்கன்னு தலையாட்டுவோம். பொய் சொல்லணும்னு இல்ல. மருந்துன்னா எங்களுக்கு சுகர், பிரஷருக்கு நீங்க எழுதிக் குடுத்து தினமும் போடுறது, தலைவலிக்கு நாங்களா கடையில வாங்கி முழுங்குறதெல்லாம் கணக்குலயே வராது. முதுகுல இருந்த கொழுப்புக் கட்டிய எடுக்கப் போனப்ப எனக்கு இதான் நடந்துச்சு, பல்வலின்னு ரெண்டு நாளா ஆஸ்பிரின் போட்டிருந்தேன், கேட்டதுக்கு இல்லன்னுட்டேன், தையல் போட்டப்புறமும் ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, பஞ்ச மாத்தி மாத்தி அழுத்துறாங்க, அப்பதான் ஒருத்தர் "வலி மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"ங்கறார். இத தேதி குறிச்ச அன்னைக்கே கேட்டிருக்கலாமே!

அப்புறமாதான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட்டுங்கற குட்டி அணு, ஆஸ்பிரின் பட்டா ஒண்ணோட ஒண்ணு சரியா ஒட்டாது, அதுக்கு உட்கருவே கிடையாதுங்கறதால ஒட்டுறதுக்கு உதவுற, ஆஸ்பிரினால கெட்டுப்போன நொதிய புதுசா செஞ்சுக்கவும் முடியாது, அது செத்து புதுசு வர்ற வரைக்கும், அதாவது 7லேருந்து 10 நாள், அப்படியேதான் ஓடிட்டிருக்கும். இபுபுரோஃபென் பரவால்ல, நல்லா இருக்குற ஆளுக்கு ஒரு நாள்ல பெரும்பாலும் தெளிஞ்சிடும், நாப்ராக்சென் இன்னும் கொஞ்சம் இழுக்கும். உங்களுக்கு இது பாலபாடம், எங்களுக்கு எல்லாமே வலி மாத்திரைதான். சில சளி மாத்திரைக்குள்ளயும் ஆஸ்பிரின் ஒளிஞ்சிருக்கு, அட்டைய திருப்பி யார் படிக்கிறா?

அதனால கேள்விய மாத்துங்க. "போன பத்து நாள்ல தலைவலி, பல்வலி, பீரியட்ஸ் வலி, சளின்னு எதுக்காவது மாத்திரை போட்டீங்களா"ன்னு கேளுங்க, யாருக்கும் ஞாபகம் வந்துடும். முந்தின நாள் போன் பண்ணி சொல்றதுல ஆஸ்பிரின் விஷயத்துல பிரயோஜனமே இல்ல, தேதி குடுக்கும்போதே எதெத நிறுத்தணும்னு பேரோட சீட்டுல எழுதுங்க. வலிச்சா என்ன போடலாம்னும் எழுதுங்க, பாரசிட்டமால்னா எத்தன, எவ்ளோ நேரத்துக்கு ஒண்ணுன்னு, இல்லன்னா பழைய அட்டையத்தான் தேடுவோம்.

இன்னொண்ணு, இதான் ரொம்ப முக்கியம். ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சவங்க இதக் கேட்டுட்டு பயந்து ஆஸ்பிரின தானா நிறுத்திடுவாங்க, அது கசியிற ரத்தத்தவிட பெரிய ஆபத்து. பல்லு புடுங்குற மாதிரி வேலைக்கு பல சமயம் நிறுத்தவே வேண்டியதில்லயாம். "டாக்டர் எழுதிக் குடுத்ததுன்னா எங்கள கேக்காம நிறுத்தாதீங்க"ன்னு அதே சீட்டுல பெருசா போடுங்க.

எனக்கு அடுத்து கடவாப்பல்லு எடுக்கணும். நான் கேக்காமலே சொல்லிடுவேன், எனக்கு அடுத்த நம்பர்ல உக்காந்திருக்கவர் சொல்ல மாட்டார், அவர்கிட்ட கேளுங்க.