கோரிக்கை மனு: உளுந்து ரகங்கள எங்க கரிசல் காட்டுலயே வச்சு அளந்து பாக்கச் சொல்லி

பெறுநர்: உயர்திரு வேளாண்மை இணை இயக்குநர் ஐயா அவர்கள்
அனுப்புநர்: வடக்குத் தெரு மானாவாரி உளுந்து விவசாயிகள்

ஐயா வணக்கம்,

இது மூணாவது மனு. சித்திரையில நேர்ல குடுத்தோம், ஆடியில தபால்ல போட்டோம், ரெண்டுக்கும் பதில் இல்ல. எங்க காடு நீங்க பாத்ததுதான், கம்மாய்க்கு மேக்க கெணறே இல்லாத கரிசல்.

1. மழையே பெய்யலன்னு நாங்க சொல்லல ஐயா. விதைக்கும்போது பெய்யுது, பூ எடுக்கும்போது நின்னுருது. 65-70 நாள் பயிர்ல அந்தப் பதினஞ்சு நாள் காஞ்சா எல்லாம் போச்சு. போன கார்த்திகையில வெடிப்புக்குள்ள பண்ணருவாள விட்டா பிடி வரைக்கும் போச்சு, மத்தியானம் இலையத் தொட்டா சுடுது, பூவெல்லாம் செடிக்கடியில உதிந்து கெடக்கு, தப்பிச்ச காய உரிச்சா ரெண்டே பருப்பு அதுவும் சூம்பி. ஆனா அதே காட்டு ஓரத்துல எங்க அத்தை சாம்பல் போட்டு பானையில வச்சிருந்த பழைய விதை மட்டும் பச்சையா நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு அளந்து பாக்க வேண்டாமா?

2. நீங்க குடுக்குற விதை தண்ணி உள்ள எடத்துல நல்லாத்தான் வருது, தண்ணி இல்லாத எங்க காட்டுலதான் காஞ்சு போகுது.

3. ஹைதராபாத் பக்கத்துல இக்ரிசாட்ங்கிற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையத்துல கொண்டைக்கடலைய நெஞ்சளவு பிளாஸ்டிக் குழாய்ல மண்ண நெரப்பி வளத்து, குழாயோட எடை போட்டு, செடி எந்த நாள்ல எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு கணக்கெடுத்தாங்க. ஆரம்பத்துல சிக்கனமா குடிச்சு, காய் பிடிக்கிறப்போ குடிக்க மண்ணுல தண்ணிய மிச்சம் வச்ச செடிதான் வறட்சியில நல்லா காச்சுது. அவ்வளவு செலவு நாங்க கேக்கல, ஒரு தெர்மல் கேமரா போதும். தண்ணி கிடைக்கிற செடி வேர்த்து இலையக் குளிர்ச்சியா வச்சுக்கும், தண்ணி இல்லன்னா இலைத் துளைய மூடிக்கும், சூடு ஏறும், அது கேமராவுல கலர் மாறித் தெரியும். எங்க அத்தை கையால தொட்டுப் பாத்து சொல்றதும் இதத்தான்.

4. கேமராவோட அதிகாரிங்க ஒரு தடவ வந்தாங்க, தை மாசம்! உளுந்து களத்துக்கு வந்து பத்து நாள் ஆச்சு, வெறுங்காட்டப் படம் எடுத்துட்டுப் போனாங்க. அதுல என்ன ஐயா தெரியும்? பூ இருக்கும்போது, மழை விட்டு பத்து நாள் கழிச்சு, உச்சி வெயில்ல வரணும். எத்தன தடவ சொல்லிட்டோம், கேக்க ஆளில்ல. வருசா வருசம் கடன் வாங்கி விதைச்சு சூம்பல் உளுந்த வச்சுக்கிட்டு என்ன பண்றது நாங்க?

5. ரெண்டு ஏக்கர் நாங்களே தர்றோம், வாடகை வேண்டாம். வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையத்து உளுந்து ரகங்களையும் எங்க பழைய விதையயும் பக்கத்துல பக்கத்துல போட்டு, ஒரு பாதிக்கு தண்ணி ஊத்தி, மறுபாதிய வானத்த நம்பி விட்டு, இலைச் சூடு, பச்சையம், காய் எடை மூணையும் அளந்து குடுங்க. தண்ணி சுமக்க நாங்க வர்றோம்.

புரட்டாசி விதைப்புக்கு முன்னாடி உத்தரவு போடுங்க ஐயா, கெஞ்சிக் கேக்குறோம். பானையில இருக்குறது இன்னும் ரெண்டு படி விதைதான், அதையும் இந்த வருசம் எங்க பாட்டுக்கு விதைச்சு காஞ்சு போச்சுன்னா அப்புறம் அளக்குறதுக்கே விதை இருக்காது.

இப்படிக்கு,
வடக்குத் தெரு விவசாயிகள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)