யாரைத் தொடாதே?

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாட்ஸப்பில் போடாமல் நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாயே என்று யோசித்தேன். மூன்றாம் பக்கத்தில் காரணம் புரிந்தது. இங்கே எல்லாரும் சுகம். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணை டிசம்பருக்குத் தள்ளியிருக்கிறேன். பேரன் கீபோர்டு வகுப்புக்குப் போகிறான், வீட்டில் யாருக்கும் மத்தியானத் தூக்கம் இல்லை.

உங்கள் சபை ஆபீஸில் வேலை பார்த்த பெண் பாஸ்டர் மேல் கொடுத்த பாலியல் புகாரை விசாரிக்க ஐந்து பேர் குழு, அதில் நீயும் ஒருவன். குழுவைப் போட்டது பாஸ்டர். முதல் கூட்டம் பாஸ்டர் வீட்டு மாடியில். ஜெபம், பாஸ்டரம்மா கையால் காபி. படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அதற்குப் பிறகு ஒரு மூத்த சகோதரர் எழுந்து வேதாகமத்தில் சங்கீதம் 105-ல் 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமல் இருங்கள்' என்ற வசனத்தை வாசித்தாராம், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அவரைத் திட்டி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். ரொம்பத் திட்டாதே. 1994-ல் எங்கள் சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், அதே வசனத்தை எடுத்து வாசித்தவன் நான்தான்.

உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சபைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர், அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயதிருக்கும், எங்கள் குருவானவர் மேல், ஐயர் என்றுதான் அவரைச் சொல்வோம், புகார் எழுதிக் கொடுத்தாள். ஒரு தாள்தான். நான் கமிட்டிச் செயலர். ஐயர் நல்ல பிரசங்கி, கோயில் கட்டி முடித்தவர், என் தகப்பனாரை அடக்கம் பண்ணியவர். வசனத்தை வாசித்தேன், கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. 'நிர்வாகக் காரணங்களுக்காக மாற்றல் கோரப்படுகிறது' என்று மினிட்ஸில் எழுதினேன். அந்தத் தமிழும் என்னுடையதுதான். ஐயர் வேறு சேகரத்துக்குப் போனார், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. டீச்சர் மறு வருஷம் வேலையை விட்டுவிட்டாள்.

அந்தச் சங்கீதத்தை ரிட்டையர் ஆனபிறகுதான் மேலும் கீழுமாகப் படித்தேன். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் நாடு நாடாகத் திரிந்த காலத்தைப் பற்றிய பாட்டு அது. 'அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டார்' என்றால் எந்த ராஜா? ஆதியாகமம் 20-க்குப் போ. ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து மனைவி சாராளைத் தங்கை என்று சொல்கிறான், அந்த ஊர் ராஜா அபிமெலேக்கு அவளை அழைத்துக்கொண்டு போகிறான். சொப்பனத்தில் கர்த்தர் அவனிடம், 'அவளைத் தொட நான் உனக்கு இடங்கொடுக்கவில்லை' என்கிறார். அந்தக் கதையில் 'தொட' என்ற சொல் சாராளைப் பற்றி வருகிறது. அதோடு விடவில்லை. விடிந்ததும் அந்தப் புறஜாதி ராஜா ஆபிரகாமைக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறான். அதே அதிகாரத்தில்தான் ஆபிரகாமுக்குத் தீர்க்கதரிசி என்ற பட்டமும் வருகிறது. தீர்க்கதரிசியைக் கேள்வி கேட்டதற்காக ராஜாவுக்கு ஒரு தண்டனையும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவன் ஆபிரகாம், அவன் சொல்வதோ சால்ஜாப்பு. இந்த வசனத்தைக் கொண்டு நான் ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறேன்.

உலகம் சுற்றிப் பிரசங்கித்த ரவி சகரியாஸ் ஞாபகம் இருக்கிறதா? அவர் பேச்சைக் கேட்க நீ கேசட் கேசட்டாக வாங்கினாய். 1946-ல் நம் சென்னையில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்து கனடா போனவர் என்று நமக்கு ஒரு பெருமை வேறு. 2017-ல் கனடாவில் ஒரு பெண் அவர் மேல் புகார் சொன்னபோது, அவளும் புருஷனும் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று இவர் அவர்கள் மேலேயே வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. அவருடைய ஊழிய நிறுவனத்தின் நிர்வாகக் குழு அவர் சொன்னதை நம்பியது. அந்தக் குழுவில் யார் யார் என்பதே அப்போது வெளியே தெரியாது. 2020 மே மாதம் இறந்தார், அமெரிக்கத் துணை ஜனாதிபதி வந்து நினைவுக் கூட்டத்தில் பேசினார். சில மாதங்களில் அவருக்குப் பங்கு இருந்த மசாஜ் நிலையங்களின் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். அப்புறம்தான் வெளியிலிருந்து ஒரு வக்கீல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பன்னிரண்டே பக்கம். போன்களில் 200-க்கு மேற்பட்ட மசாஜ் பெண்களின் எண்கள். ஏழைகளுக்கு உதவ என்று வைத்திருந்த நிதியிலிருந்தும் அவருக்கு மசாஜ் செய்த சில பெண்களுக்குப் பணம் போயிருந்தது. அந்த நிதியின் பெயரிலேயே 'டச்' என்ற சொல் இருந்தது, பார்த்துக்கொள்.

என்னைத் தூங்கவிடாதது ஒன்றுதான். அவர் தன்னைக் கெடுத்தார் என்று சொன்ன பெண்ணிடம், நீ வாயைத் திறந்தால் லட்சக்கணக்கான ஆத்துமாக்களின் இரட்சிப்பு போய்விடும், அந்தப் பழி உன்மேல்தான் என்றாராம். ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நாம் கமிட்டியில் பேசுவதும் இதேதானே?

தனிச் சபை என்றால்தான் இப்படி, பிஷப் மேற்பார்வையில் இருக்கிற நம் திருமண்டல அமைப்பில் நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். நமக்குத் தாய்ச்சபையான இங்கிலாந்துச் சபையிலேயே, பையன்களை அடித்துச் சித்திரவதை செய்த ஒருவனைப் பற்றி 2013-ல் காதுக்கு வந்தும் சரியாக நடவடிக்கை எடுக்கவில்லை என்று பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலக வேண்டிவந்தது.

சரி, உன் விஷயம். அந்தக் குழுவிலிருந்து வெளியே வா, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வா. உங்கள் ட்ரஸ்டில் நிர்வாக அறங்காவலர் பாஸ்டர், பொருளாளர் அவர் மனைவி, மூன்றாவது ஆள் மச்சினன். இதில் யார் யாரை விசாரிப்பது? அந்தப் பெண் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ல் வந்த சட்டம் சபை ஆபீஸுக்கும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பெண் தலைமையில், வெளியாள் ஒருவரோடு உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். பொதுவாகச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை கிடைக்கலாம். உங்கள் ஜெபக்கூட்டங்களிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. இதை அவளிடம் போய்ச் சொல், போகும்போது உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போ. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு, நீ புத்தி சொல்லாதே. வாலிபர் கூட்டத்துப் பிள்ளை ஒருத்தியும் ஏதோ சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் விஷயமே வேறு. தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் அதுவும் குற்றம். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு விசாரி.

சபையில் உன்னைப் பிசாசு பிடித்தவன் என்பார்கள். உன் மகள் கல்யாணத்துக்கு யார் வந்து ஜெபிப்பார் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூலையில் எங்கள் கோயில் அசன விருந்துக்கு வருவதாகச் சொன்னாயே, ஒருநாள் கூட இருக்கிற மாதிரி வா. அந்த டீச்சர் சாத்தான்குளம் பக்கம் இருக்கிறாள் என்று போன மாதம்தான் தெரிந்தது. விலாசம் வாங்கிவைத்திருக்கிறேன், இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பினேன். நீ வந்தால் வாசல்வரை என்னோடு வா. உள்ளே நான் போய்க்கொள்வேன், அவள் விட்டால்.

அன்புடன்,
உன் தேவா